ஐந்நூறு மில்லி

பார்லிம் இரவுச் சந்தையில்
ஆறு வெள்ளிக்கு வாங்கி வந்தாள் வசுமதி.
என் சுண்டுவிரல் உயரம்,
குண்டு குண்டாய்ப் பதினேழு இலை.
விற்ற சீனப் பையன் ஏதோ பெயர் சொல்லியிருக்கிறான்,
லிப்டில் ஏறுவதற்குள் மறந்துவிட்டாள்.
"தண்ணி அதிகம் கேக்காதாம்"
என்பது மட்டும் நினைவிருந்தது.
நான் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு மில்லி.
காலைத் தேநீர், மாத்திரைக்கு ஒரு மடக்கு,
சோற்றில் ரசம் விட்டால் அதுவும் கணக்கு,
தர்பூசணித் துண்டும் கணக்கு.
செவ்வாய், வியாழன், சனி
ஜெலுத்தோங் டயாலிசிஸ் மையத்தில்
மிஸ்ஸி எடை பார்ப்பாள்.
ஏறியிருந்தால் என்னைத்தான் பார்ப்பாள்,
நான் ஊற்றிக் கொடுத்தவன் மாதிரி.
ஒரு முறை கொடுத்திருக்கிறேன்.
இளநீர்.
அதை விடுங்கள்.

நாங்கள் இருப்பது ஆயர் ஈத்தாம்.
மலாயில் கறுப்புத் தண்ணீர்.
ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் வைத்திருக்கிறார்கள்.
நாலு மணிக்கு மலை மறையும்,
நாலே காலுக்கு மழை.
துவைத்த சட்டை மூன்றாம் நாளும் நமுத்திருக்கும்,
சுவர்க் காலண்டர் அலையலையாய் வளைந்து தொங்கும்.
இங்கே ஒரு வறண்ட நாட்டுச் செடியை
நனையாமல் வைத்திருப்பது
லேசுப்பட்ட வேலையில்லை.

மூன்றாம் வாரம்
அடியிலைகள் இரண்டு கண்ணாடி போலாகின.
தொட்டேன், தோல் கழன்று நீராய் வழிந்தது.
மண்ணில் விரல் விட்டால் சேறு.
"நீ ஊத்துனியா?"
அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"ராத்திரி என் பங்குல மிச்சமிருந்தா
கொஞ்சம் ஊத்துவேன்.
அதுவாச்சும் குடிக்கட்டுமேன்னு."

மிச்சமா, உனக்கா, என்று கேட்டிருக்க வேண்டாம்.
நைட் ஷிப்டுக்கு நான் பஸ் ஏறிய பிறகு
ஒற்றை ஐஸ் கட்டியை நாக்கில் வைத்து
அது கரையும் நேரத்தைக்
கடிகாரத்தில் எண்ணுகிறவள் அவள்.

அவள் கணுக்காலை அழுத்திப் பார்ப்பது என் வழக்கம்.
பெருவிரலை எடுத்ததும் குழி மூடினால் நல்ல நாள்.
சில நாள், நான் போய்ச் சட்டை மாற்றி வந்தாலும்
அப்படியே இருக்கும்.
அன்று ஓர் இலையை அழுத்தினேன்.
அதே குழி.

செடியைப் பிடுங்கி
அழுகிய வேரைச் சவரக் கத்தியால் சீவி
உலரட்டும் என்று பேப்பரில் கிடத்தினேன்.
மரண அறிவித்தல் பக்கம்.
அவள் ஒன்றும் சொல்லாமல் உருவிவிட்டு
நாலு நம்பர் முடிவு வந்த பக்கத்தை விரித்தாள்.
மூன்று நாள் அங்கேயே கிடந்தது,
அதிர்ஷ்டம் இல்லாத எண்களின் மேல்.

கரித்தூள், பரு மணல், அடியில் துளையிட்ட மைலோ டப்பா.
இப்போது ஊசிக்குழாயில் பத்து மில்லி,
இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை.
அவளுடைய நோட்டிலேயே அதற்கும் ஒரு பத்தி போட்டாள்.
வசு: 480. செடி: 0.
வசு: 510. செடி: 0.
வசு: 495. செடி: 0.
"பாருங்க, எப்படி ஜெயிக்குதுன்னு"
என்றாள், கொஞ்சம் பொறாமையாகவே.

இதற்கிடையில்
ரைஸ் குக்கருக்குப் பின்னால்
எப்போதோ உதிர்ந்து சுருங்கிய இலை ஒன்று,
யாரும் எதுவும் ஊற்றாத இலை,
ரோஜா நிறத்தில் ஒரு நூல் விட்டிருந்தது.
கூட்டிப் பெருக்கும்போது பார்த்தேன்.
பொழைக்குமா தெரியாது.
மருந்து மூடியில் வைத்திருக்கிறாள்.

நேற்று நாலே காலுக்குச் சாரல் கம்பி வழியே வர
ஓடிப்போய் டப்பாவை உள்ளே இழுத்தாள்.
மேலிலையில் ஒரே ஒரு துளி,
உருண்டு குருத்துக்குள் இறங்கப் பார்த்தது.
விரல்நுனியில் அதை எடுத்தாள்.
ஜன்னலுக்கு வெளியே ஊரே நிரம்பிக்கொண்டிருந்தது.
விரலை வாயில் வைத்துவிட்டு
என்னைப் பார்த்தாள்.

"இதையும் எழுதணுமா?"

நோட்டை நான்தான் மூடினேன்.